பதினேழாம் வாய்ப்பாடும் என் மருமகளும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தற்குறியாக்குகிறாளாம் என் மருமகள். சொல்வது யார்? கீழ்வீட்டுத் தையல்காரி. தற்குறி எப்படி இருப்பாள் என்று தெரிய வேண்டுமானால் அவள் என்னைப் பார்க்கட்டும். பேருந்து எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் இன்றைக்கும் ஏறுகிறேன். இந்த வீட்டில் அந்தப் பட்டத்துக்கு உரிமைக்காரி நான் ஒருத்திதான். என் பேத்திக்கு அதில் பங்கு கிடையாது.

"பாவம் பெரியம்மா நீங்க. உங்க மருமகளுக்குச் சம்பளம்தான் பெருசு. பிள்ளைங்க ரெண்டும் வீட்டிலயே கிடக்குதுங்க," என்றாள், உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு.

"வாயில ஊசி இருக்கு, பாத்துப் பேசுடி."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"நல்லது செய்யணும்னா எங்க திரைச்சீலையை முதல்ல தச்சுக் குடு. எத்தனை நாளா ஜன்னல் அம்மணமா நிக்குது!"

அவளுக்குத் தெரியாத கதையை நான் சொல்கிறேன்.

மூத்த பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாமலா இருந்தோம்? அனுப்பினோம். பள்ளி வாசலைக் கண்டதும் அம்மாவை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வாள். பிரித்து உள்ளே விட்டால் காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். வகுப்பு ஆசிரியை தங்கமான பெண்தான். ஆனாலும் பாடம் நடத்துவாளா, தரையைத் துடைப்பாளா? டாக்டர் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்ல. அம்மா திரும்பி வரமாட்டாங்கன்னு பயம். கொஞ்ச நாள் போகட்டும்," என்றார். மருமகள் முறைப்படி அனுமதி வாங்கி வீட்டிலேயே பாடத்தைத் தொடங்கினாள். அக்காள் வீட்டில் இருக்கத் தம்பி மட்டும் போவானா? அவனும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

இதற்கு நடுவில் அவளுக்கு முழுநேர வேலை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுப்பாள். எங்கேயாவது ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால் அது இவள் காதில் அடிக்கும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை என்னவோ பேசுவதுதான். ஆனால் பயந்துபோனவரிடம் பேசிப் பாருங்கள், தெரியும்.

மேசையின் அந்தப் பக்கம் கம்பெனி, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். துணி உலர்த்தும் சிவப்புக் கிளிப்பைக் காலரில் மாட்டினால் அழைப்பில் இருக்கிறாள் என்று பொருள். அப்போது எங்கள் வீட்டில் ஈ பறந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பறக்கும். விசில் அடிக்கும் என்று குக்கரையே பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டேன். கண்ணை உருட்டினால் கணக்குத் தப்பு, மூக்கைத் தடவினால் கையெழுத்துக் கோணல். வாய் அங்கே "பயப்படாதீங்க சார்" என்று சொல்லும், விரல் இங்கே சின்னவனின் புத்தகத்தில் அடுத்த வரியைக் காட்டும். அவள் குரல் வெளியே போகாமல் நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுப் பிள்ளைகளை அதட்டுவாள், மறுபடி தட்டிவிட்டு லிஃப்டில் இருப்பவரைக் கொஞ்சுவாள்.

ஒருநாள் அந்தப் பொத்தான் காலை வாரிவிட்டது.

லிஃப்டில் மாட்டியவர் பெரிய அதிகாரி போல. மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று ஒரே கூச்சல். இந்தப் பக்கம் பேத்தி நாற்காலியில் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். மருமகள் பொத்தானை அழுத்தியதாக நினைத்துக்கொண்டு, "ஆடாம கீழ உக்காரு! பதினேழாம் வாய்ப்பாட்டை முதல்லேருந்து சொல்லு!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்!

அப்போதுதான் பொத்தான் அழுந்தவே இல்லை என்று மருமகள் பார்த்தாள். ஆனால் கெட்டிக்காரி, தடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பதினேழு எட்டுக்கு வந்து, "நூத்தி இருபத்தாறு," என்றார். எட்டி ஹெட்போனில் காதை வைத்திருந்த பேத்திக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு! நூத்தி முப்பத்தாறு!"

லிஃப்டுக்குள் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம். கதவு திறக்கும்போது பத்தொன்பதாம் வாய்ப்பாட்டில் இருந்தாராம். எனக்குத் தெரிந்த ஒரே பெருக்கல் அந்தப் பதினேழு எட்டுதான்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். நன்றி மிகுந்துபோய்க் கம்பெனிக்கே போன் செய்து, "அந்தம்மாவும் அவங்க பொண்ணும் என் உயிரைக் காப்பாத்தினாங்க," என்று புகழ்ந்து தள்ளிவிட்டார். மேலாளர் மறுநாளே கூப்பிட்டார். "பாராட்டு வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா வேலை நேரத்துல அறையில வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கேம்மா. இனிமே ஆபீசுக்கு வந்துடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கணும்."

மருமகள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "வேலையை விட்டுடறேன் அத்தை. இவளை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"விடாதே," என்றேன்.

"வாந்தி எடுப்பா."

"எடுக்கட்டும். வாளி இருக்கு, தண்ணி இருக்கு, நான் இருக்கேன். அவ பயப்படறாளான்னு அவளைக் கேளு. நீயா முடிவு பண்ணாதே."

என் மகன் பேக்கரியில் ராத்திரி வேலை பார்ப்பவன். தலைமுடியில் மாவோடு கதவோரம் நின்றவன், "அம்மா சொல்றது சரி," என்றான். என் பேச்சுக்கு அவன் தலையாட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யாருக்கும் பிடிக்காத விடியற்காலை ஷிப்டை மருமகள் கேட்டாள். மேலாளர் உடனே கொடுத்துவிட்டார். மதியம் வந்து பாடம் நடத்தலாம். மகன் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளுக்கு நான் காவல். பேத்தியிடம் சொன்னோம். அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் நாள் விடியற்காலை இருட்டோடு எழுந்து, பையைத் தோளில் மாட்டி, மருமகள் கதவைத் திறந்தாள். திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பேத்தி என் பக்கத்தில் நின்றாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாளியைக் காலாலேயே கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"எப்பம்மா வருவே?"

"நீ மதியம் சாப்பிட உக்காரும்போது."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

பேத்தி எச்சில் விழுங்கினாள். ஒருமுறை, இன்னொரு முறை. நான் வாளியைப் பார்த்தேன். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அம்மா, நம்ம லிஃப்ட்ல போகாதே. படியில இறங்கு," என்றாள்.

"ஏண்டி?"

"நீ மாட்டிக்கிட்டா போனை யாரு எடுப்பா? எடுக்கறவ நீதானே!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. குனிந்து முத்தம் கொடுக்கப் போனவளை, "பஸ்ஸு போயிடும், போம்மா," என்று தள்ளிவிட்டாள் இவள். மருமகள் படியில்தான் இறங்கினாள்.