ஈரத் தரையில் வெறுங்கால்

வர்ணக் கொட்டகையில் தீப்பிடித்ததற்குக் காரணம் சலீம் நானா அல்ல. நான்.

இதை எழுதியதும் மூச்சு சற்று இலகுவாக வருகிறது... வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் வருகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரமாகப் படகு திருத்தும் வேலைத்தலம் ஒன்றில் நான் மேற்பார்வையாளன். இறக்குமதி முடங்கி, ஒரு பேணி பெயின்ற் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில்தான் பெயின்றை வீணாக்காத மின்தெளிப்பான் ஒன்று எங்களிடம் வந்தது. பார்வைக்குத் துப்பாக்கி போல இருக்கும். அதன் முனையில் பல்லாயிரம் வோல்ற் ஏறும். வெளியே வரும் பெயின்ற் மின்னேற்றம் பெற்று, பனிப்புகார் போல நுண்துளிகளாகச் சிதறும். எல்லாம் ஒரே ஏற்றம் கொண்டவையாதலால் துளிகள் ஒன்றையொன்று விலக்கும்; புவியோடு இணைத்த இரும்பைத் தேடிப்போய் ஒட்டும். கம்பியின் முன்பக்கம் தெளித்தால் பின்பக்கமும் நிறமேறிவிடும்! முதன்முதலில் அதைக் கண்டபோது குழந்தைபோல் கைதட்டினேன்.

ஒரு நிபந்தனை உண்டு. இரும்பு மட்டுமல்ல, அருகில் நிற்கும் மனிதனும் புவியோடு தொடர்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றம் அவன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஓர் இரும்பைத் தொட்டால் பொறி பறக்கும். சுற்றிலும் பெயின்றைக் கரைக்கும் தின்னரின் ஆவி, சட்டென்று தீப்பற்றும்... அதனால் தினமும் சீமெந்துத் தரையை நனைத்து, எல்லோரையும் வெறுங்காலுடன் நிற்கச் சொன்னேன். தோல் சப்பாத்து என்றால் பரவாயில்லை. இறப்பர் கூடவே கூடாது.

தெளிப்பானைப் பிடிப்பவர் மூதூரைச் சேர்ந்த சலீம்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் நானா என்போம். எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

“கரண்டு வேலைக்கு ஈரத்தில வெறுங்காலோட நிக்கச் சொல்றீங்க. ஐயா, எங்கட பொண்டாட்டிமாருக்கு வேற மாப்பிள்ளை பார்த்து வெச்சிட்டீங்களோ?”

நானும் சிரித்தேன். விளக்கினேன். எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவன் ஒருவன்தான்... நான்!

பள்ளிப்படிப்பு முடிந்ததும் என் மகன் ரவி அங்கே வேலைக்குச் சேர்ந்தான். சலீம் நானா தெளிக்கத் தெளிக்க, பக்கத்தில் நின்று கம்பிகளைத் திருப்புவது அவன் வேலை. ஈரத் தரை, மின்சாரம், என் ஒரே பிள்ளை! படித்தது தலையில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. சுவிச்சில் கைவைக்க முன் இறப்பர்ச் செருப்பைப் போடு என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லி வளர்த்தவன் நான். அந்தப் பயம்தான் வென்றது. லொறிச் சக்கரத்தின் இறப்பர் ரியூப்பில் இரண்டு துண்டு வெட்டி, அவனுடைய தோல் சப்பாத்தின் உள்ளே ஒட்டினேன். அவனுக்கும் சொல்லவில்லை.

“அப்பா, சப்பாத்து இறுக்குது.”

“மழைக்குத் தோல் சுருங்கியிருக்கும். போடு.”

ஒரு முற்பகல். படகொன்றின் கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். ரவி தின்னர் பேணியை எடுக்கக் குனிந்தான். விரலுக்கும் பேணிக்கும் நடுவே ‘டிக்’கென்று ஒரு சிறு சத்தம்... அவன் சட்டைக் கை பற்றி எரிந்தது!

சலீம் நானா தெளிப்பானை எறிந்துவிட்டு, ஈரச் சாக்கோடு அவன்மேல் பாய்ந்தார். நானோ நின்ற இடத்திலேயே நின்றேன். கத்தினேனா என்பதுகூட நினைவில்லை.

முன்கையில் தோல் உரிந்தது, புருவம் பொசுங்கியது. அவ்வளவே. ஆஸ்பத்திரியில் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவன் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே இருந்த இறப்பரை உரித்தெடுத்தேன். அதன் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். இப்படியும் ஒரு தகப்பனா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

விசாரணையில் முகாமையாளர் என்னிடம் கேட்டார்: “கம்பியில ஏர்த் கிளிப் இருந்ததோ?”

கம்பியைப் புவியோடு இணைக்கும் அந்தக் கிளிப்பை மாட்டுவது சலீம் நானாவின் பொறுப்பு. அவர் மாட்டியதை என் கண்ணால் கண்டேன்.

“நான் கவனிக்கேல்லை” என்றேன்.

அது போதுமாக இருந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லவா? அன்று என்னுள் நிறைந்திருந்தது குற்றவுணர்வு அல்ல. நிம்மதி! பிள்ளை உயிரோடு இருக்கிறான், ஒருவருக்கும் தெரியாது... அந்த நிம்மதி இன்னும் வற்றவில்லை. தின்னர் மணம் வந்தால் இன்றும் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். எதிரே ரவி சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதைக் கண்டால் அது மறந்துவிடுகிறது. சலீம் நானாவின் வீட்டுச் சோற்றை நான் நினைத்துப் பார்த்ததில்லை... நினைக்க விட்டதில்லை.

ஆண்டுகள் ஓடின. போன கிழமை மூதூரிலிருந்து வந்த லாஞ்சுப் படகிலிருந்து அவர் இறங்கினார். தாடி நரைத்திருந்தது. ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், கண்டுவிட்டார்.

“ஐயா, ரவித் தம்பி சுகமா?”

“ஓம் நானா. கலியாணமும் முடிச்சிட்டான்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்டு சொல்லணும் ஐயா. கிளிப்பை மாட்டினன் எண்டு அப்ப சத்தியம் பண்ணினன். இப்ப நினைச்சு நினைச்சு, மாட்டினனா இல்லையா எண்டு எனக்கே தெரியல்ல. உங்கட பிள்ளையக் கொல்லப் பார்த்திட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க.”

சொல்லியிருக்கலாம்! அவர் கை என் கைக்குள்தானே இருந்தது... வாயைத் திறந்தேன்.

“அதை விடுங்கோ நானா. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்.”

அவர் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெரிய ஆறுதல். அதை உங்களிடம் மறைப்பானேன்? இனி அவர் அந்தக் கதையை எடுக்கமாட்டார்.

பாரம் இறங்கிய மனிதராகச் சந்தைப் பக்கம் நடந்தார். நான் இறங்குதுறையிலேயே நின்றேன்... அவர் செய்யாத குற்றத்துக்கு அவரை மன்னித்தவன்.