முன் சீட்டு சரஸினுடையது

எனக்கு அதிகம் பேச வராது. இருபத்தாறு வருஷமாகத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. அங்கே காற்றாடி போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, அதுவே எனக்கு வசதி. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் யாராவது பேய், காற்று, கருப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். பயத்தால் இல்லை, புளுகுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான். இப்போது நானே ஒன்று சொல்லப்போகிறேன். நீங்களும் எழுந்து போவதானால் போங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

என் மனைவி சரஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகத்தான் மலைக்குக் கீழே ஈப்போவில் ஒரு பழைய கார் வாங்கினேன். காலையில் அவளை விட்டுவிட்டு ஃபேக்டரிக்கு வந்து, அரை நாள் வேலை பார்த்துவிட்டு, பிற்பகலில் போய்க் கூட்டி வருவேன். சுத்தம் செய்து முடித்து வரும்போது அவள் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருப்பாள். பின்னால் உட்கார்ந்தால் இந்த மலை வளைவுகளில் வாந்தி வந்துவிடும். அதனால் முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் கொண்டுவருவேன். வேறு எப்படியும் முடியாது.

வாங்கி இரண்டு மாதத்தில் அந்த ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. உங்கள் காரிலும் இருக்கும். சிவப்பாக, ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவும் அவன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து இருப்பது போலவும். பிரிஞ்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் தேவாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகிப் பார்த்துவிட்டு, கோளாறு முன் சீட்டில், பயணி பக்கம் என்றார். "இந்த வெளக்கு எரியுதுன்னா, வண்டி எங்கயாச்சும் மோதுனாலும் அக்கா பக்கத்துக் காத்துப்பை விரியாதுண்ணே. பாத்து ஓட்டுங்க" என்றார்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டவர் சிரித்துக்கொண்டே ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே திருநீறு, காய்ந்த மிளகாய், அழுகிக் கூழான எலுமிச்சம்பழம். கார் வாங்கியபோது சரஸின் அண்ணன், என் மச்சான், ஈப்போவிலிருந்து வந்து பூசை போட்டார். அப்போது எங்களிடம் சொல்லாமல் செருகி வைத்தது. அந்தப் பழத்தின் சாறு வழிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் பிளக்கில் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. "மச்சான் காவலுக்கு வெச்சது ஒயரைத் தின்னுருச்சு லா" என்று தேவா சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதே. பிளக்கை மாற்றினார், விளக்கு அணைந்தது.

இரண்டே நாள். வியாழக்கிழமை பிற்பகல், சரஸைக் கூட்டிவரத் தனியாகப் போகிறேன், எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையைத் தாண்டி ஒரு வளைவு வரும், அங்கே விளக்கு எரிந்தது. எரிந்ததோடு போகவில்லை, பெல்ட் போடச் சொல்லி டிங் டிங் என்று மணியும் அடித்தது. பக்கத்து சீட்டில் ஆளும் இல்லை, பையும் இல்லை. சீட்டில் ஆள் எடை பட்டால்தான் அந்த மணி அடிக்கும் என்று தேவா சொன்னார். எடையைக் கண்டுபிடிக்கிற பாகத்தை மாற்றினார். அடுத்த முறையும் அதே வளைவில் அதே மணி. எந்த இடத்தில் வருகிறது, குழியில் விழும்போதா, திருப்பும்போதா என்று கவனித்து எழுதி வாருங்கள் என்றார். எழுதினேன். ஆறு தடவை எழுதினேன். ஆறும் பிற்பகல், ஆறும் நான் தனியாகப் போகும்போது, ஆறும் கொட்டகை வளைவு. தாளைப் பார்த்துவிட்டு தேவா தலையைச் சொறிந்தார். ஒருமுறை எரிந்தால் அன்றைக்கு முழுதும் விளக்கு அணையாது, மறுநாள்தான் அணைந்திருக்கும். அந்தச் சிவப்பின் கீழேதான் சரஸ் வீடு வந்து சேர வேண்டும்.

விஷயம் மச்சானுக்குப் போய்விட்டது. முடிச்சை எடுத்ததுதான் தப்பு, அதுதான் இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தது என்று போனில் பிடித்துக்கொண்டார். கடைசியில், "ஞாயித்துக்கெழம வரேன் மாப்ள. அந்த வெளக்கு எரிஞ்சிச்சின்னா தங்கச்சிய ஈப்போவுக்கு அழச்சிக்கிட்டுப் போயிடுவேன். அங்கேயே எங்கூட இருக்கட்டும். பக்கத்துலயே சென்டர் இருக்கு" என்றார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது.

சரஸ் எதையும் கேலியாக்கிவிடுவாள். "யாருங்க அவ, நான் போறதுக்கு முன்னாடியே சீட்டுப் புடிக்கிறா? நாலு வார்த்த கேக்குறதுதான?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஈப்போ வெக்கை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூடுபனி இறங்கித் தேயிலைச் செடி எது, ரோடு எது என்று தெரியவில்லை. கொட்டகை வளைவு வந்தது. விளக்கு எரிந்தது. டிங் டிங். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நீங்கள் நம்பினால் நம்புங்கள், வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தாமலே இறங்கிச் சுற்றிப் போய் முன் சீட்டுக் கதவைத் திறந்தேன். கணக்கு எழுதுகிற கிராணி திட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். அன்றைக்குக் கத்தினேன்.

"எறங்கு. இது எம் பொண்டாட்டி சீட்டு. ஒனக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பின்னால போய் உக்காரு, கூட்டிட்டுப் போறேன். அவ சீட்ட மட்டும் தொடாத."

பின் கதவையும் நானே திறந்தேன். திறந்து, ஒருவர் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை. மணி நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளக்கு அணைந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் சரஸைக் காரிலேயே வைத்துக்கொண்டு தேவாவின் பட்டறையில் நிறுத்தினேன். அவர் கருவியைச் சொருகினார். அணைந்தாலும் பழைய கோளாறெல்லாம் உள்ளே பதிவாக இருக்குமாம், கருவி வைத்துத்தான் அழிக்க வேண்டுமாம். ஆனால் அந்தப் பதிவெல்லாம் யாரோ துடைத்துவிட்டது போல இருந்தது. தேவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற கடைக்குக் கொண்டு போனீங்கன்னா சொல்லிருங்கண்ணே, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றார். எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் இன்றைக்கும் அதை நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சரஸை உட்கார வைத்துக் கம்போங் ராஜா வரை தானே ஓட்டிப் பார்த்தார், பிறகு தனியாகவும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. இரண்டு முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு தனியாகத்தான் ஈப்போவுக்குப் போனார். சரஸ் என்னோடுதான் இருக்கிறாள். ஒரு வருஷம் ஆகப்போகிறது.

காரை விற்கச் சொல்லி இன்னும் சிலர் சொல்கிறார்கள். விற்க மாட்டேன். பயந்தா விற்க வேண்டும்? நான் சொன்னேன், அது கேட்டுக்கொண்டது. அதற்குமேல் எனக்கும் அதற்கும் வழக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று. வாரத்தில் அந்த மூன்று நாளும், பிற்பகலில் நான் தனியாக ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தி இறங்கிப் பார்க்கும்போது, பின் சீட்டில் இடது பக்கத்து பெல்ட் மாட்டியிருக்கும். ஃபேக்டரியில் கிளம்பும்போது மாட்டியிருக்காது, பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். மாட்டுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணாடியில் நான் பின்னால் பார்ப்பதும் இல்லை. சரஸ் வருவதற்குள் நானே அதைக் கழற்றிவிட்டு, பின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பேன். அது பழகிவிட்டது. பழகாதது அந்த பெல்ட்டின் இரும்பு நாக்குதான். மழையோ பனியோ, என் விரல் விறைத்துக் கிடக்கிற நாளிலும், கழற்றும்போது அது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது, இவ்வளவு நேரம் யாரோ அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி.