மிஞ்சிய மூன்று நிமிடம்

எண்பதுகளில் பாரிஸ் லாச்சப்பலில் முதல் தமிழ் வீடியோக் கடையைப் போட்டவன், ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த நான்தான்.

கடைக்கு மேல்மாடியில் வயதான பிரெஞ்சு நடிகை ஒருவர் இருந்தார். குப்பை கொட்ட இறங்கினாலும் உதட்டுச்சாயம் பூசித்தான் வருவார். ஒருநாள் ஒரு பெட்டி பழைய கசெற்றுகளை எனக்குத் தந்தார். மறுவாரம் பதறி வந்தார்.

"அதில் நான் நடித்த படமும் வந்துவிட்டது, முசியே. என்னிடம் வேறு பிரதி இல்லை."

பழைய கசெற்றில்தான் அப்போது தமிழ்ப்படம் பதிவோம்.

"மடாம், அதுக்கு மேலை எங்கடை படத்தை ஏத்திப்போட்டன்."

போட்டுப் பார்த்தோம். தமிழ்ப்படம் முடிந்தபின் அவருடைய படத்தின் கடைசி மூன்று நிமிடம் மிஞ்சியிருந்தது. மழையில் ஓர் இளம்பெண் சிரித்தபடி சைக்கிள் ஓட்டினாள்.

"நல்லவேளை, நான் அழுகிற இடங்களைத்தான் அழித்திருக்கிறீர்கள்" என்று என் தோளைத் தட்டினார்.

எத்தனையோ பேரைப் பேசி மடக்கிய நான், அன்று கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, அந்த மூன்று நிமிடத்தை அவருக்கு மறுபடியும் போட்டேன்.