கரண்டு வண்டியின் பின்சீட்டு

சித்தி வருவதற்கு முன்னால் சித்தப்பா முழுக்க என்னுடையவராகத்தான் இருந்தார். கல்யாணம் ஆனால் அவரைப் பங்கு போட வேண்டியிருக்கும் என்று நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பந்தியில் பாயசம் குடித்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குச் சங்கதியே தெரிந்தது.

துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திருமயத்துக்கே திரும்பிவிட்ட சித்தப்பா, பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் இருந்த இன்ஜினைக் கழற்றிப் போட்டார். பின்சக்கரத்தில் மோட்டார் வைத்தாயிற்று, சீட்டுக்கு அடியில் பேட்டரியும் வைத்தாயிற்று. கையை முறுக்குவதற்குத் தகுந்தபடி மோட்டாருக்குக் கரண்டை அளந்துவிடுகிற கன்ட்ரோலரை மட்டும் கடையில் வாங்கமாட்டேன், நானே செய்வேன் என்று பிடிவாதம். "ஓடுச்சுன்னா மொத ரவுண்டு ஒனக்குத்தான்டி" என்று சொல்லியிருந்தார். அதைப் பள்ளிக்கூடம் முழுக்க நான் தமுக்கடித்தாயிற்று.

ஆனால் கையை முறுக்கினால் 'டப்' என்று உள்ளே ஏதாவது வெடித்துப் புகைதான் வந்தது. ஒருநாள் காபி கொடுக்க வந்த புதுச் சித்தி, சித்தப்பா கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த கன்ட்ரோலர் பலகையை எட்டிப் பார்த்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவளாம். "இந்தக் கம்பி இம்புட்டு நீளமா இருந்தா எரியத்தாங்க செய்யும். குட்டையா வச்சுப் பாருங்க" என்றாள். வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பலகை எரியவில்லை, எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"ஒன் சித்தி மூளைக்காரிடி" என்று சித்தப்பா என்னிடமே வந்து சொன்னார், பாருங்கள். நான் பக்கத்தில் போனால், "பாப்பா, அங்கிட்டுப் போயி வெளயாடு, கை சுட்டுரும்" என்பார். போன மாதம் வரைக்கும் சுடாத கை. போதாததற்கு, அப்பாவின் அக்காவான என் அத்தை, "மொதல்ல புதுப் பொண்டாட்டிய வச்சு ஓட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சித்தப்பா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை. ராகுகாலம் பிறப்பதற்குள் கிளப்பியாக வேண்டும் என்று விரட்டிய அத்தையே, கன்ட்ரோலர் பெட்டியும் சாமி படத்துக்கு முன்னால் இருந்து சந்தனப் பொட்டு வாங்க வேண்டும் என்றாள். சித்தப்பா அதைக் கழற்றிப் பொட்டு வைத்து, அவசர அவசரமாகத் திரும்ப மாட்டினார். மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் அவர் முடுக்கும்போது நான் ஒட்டிக்கொண்டு நின்றேன். சித்தி அடுப்படியில் சர்க்கரைப் பொங்கலோடு இருந்தாள். பழைய சித்தப்பா கொஞ்ச நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தார்.

சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சித்தப்பா ஏறிக் கையை முறுக்கினார். வண்டி சத்தமே இல்லாமல், வெகு மரியாதையாகப் பின்னால் போனது. ஆரத்தி சுற்றிவிட்டுப் பின்னால் ஒதுங்கி நின்ற அத்தையை இடித்துத் தட்டைக் கவிழ்த்தது. பழங்கள் நசுங்காமல் கிடந்தன.

அத்தை சேலையைப் பார்த்தாள், பிறகு சித்தியைப் பார்த்தாள். "வந்த ராசி அப்புடி. வண்டியே பின்னால போகுது" என்றாள்.

சித்தப்பா தலையைக் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நான்தான் அண்ணி கம்பிய மாத்தி மாட்டிட்டேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் மாட்டினாளா? நான் பக்கத்தில் நின்று பார்த்த வேலை அது. அதையும் இவளுக்குத் தாரை வார்க்க வேண்டுமா? "பொய்யி. சித்தி தொடவே இல்ல. சித்தப்பாதான் மாட்டுனாரு, நான் பாத்தேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அப்பாதான் முதலில் சிரித்தார். "ஏன்டா, துபாயிலயும் இந்த லட்சணத்துலதான் வேல பாத்தியா?" அத்தை முணுமுணுத்துக்கொண்டே சேலை மாற்றப் போனாள். சித்தப்பா காது சிவக்கக் கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினார். இந்தத் தடவை வண்டி முன்னால் போய்ப் பழத்தை நசுக்கியது.

"ஏறு" என்றார் சித்தியிடம்.

சித்தி என்னைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். "பாப்பாவே போயிட்டு வரட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

கோட்டை வாசல் வரைக்கும் போய்வந்தோம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே போனேன். சித்தியை ஜெயித்தாயிற்று, அவளே தோற்று இடத்தை விட்டுக்கொடுத்தாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கல்யாணமாகி, நாலு பேர் என்னைப் பேசும்போது என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்ற அன்றுதான், சித்தி ஏன் அந்த வண்டியில் ஏறவில்லை என்று எனக்குப் புரிந்தது.