ஓட்டைக்காரி கட்டிய வார்டு

அவள் வரைந்த எந்தக் கட்டடத்திலும் சுவரிலோ கூரையிலோ படிக்கட்டுக்கு மேலேயோ ஓர் ஓட்டை இருக்கும். அதனால் பொறியாளர்கள் அவளுக்கு 'ஓட்டைக்காரி' என்று பட்டம் கட்டினார்கள். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் ஓட்டைக்காரி. அது அவள் காதுக்கும் எட்டியது. "உங்க மூக்குலயும்தான் ரெண்டு ஓட்டை இருக்கு. அடைச்சுட்டு வந்து பேசுங்க" என்று ஒருநாள் கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள்.

அப்பா துணி தேய்ப்பவர். தகரக் கூரை போட்ட ஒரே அறையில் தேய்ப்புப் பெட்டி, கரி மூட்டை, அம்மா, அக்கா, அவள். பன்னிரண்டு வயதில், அப்பா வெக்கையில் மயங்கி விழுந்த மறுநாள், அவள் கூரைமேல் ஏறினாள். தகரத்துக்கு ஒரு சாண் மேலே கழிகளைக் கட்டிச் சாக்குகளை விரித்தாள். உச்சியில் ஆணியடித்துத் துளையும் போட்டாள். அப்பா திட்டித் தீர்த்தார். அடுத்த வாரமே அதே அறையில் மதியத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

கரன்ட் இல்லாமலும் ஓர் அறையைக் குளிர வைக்கலாம் என்ற பிடிவாதம் அவளுக்கு அங்கே தொடங்கியது. கட்டடக்கலை படித்தாள். இரட்டைக் கூரையை வடிவமைத்தாள். மேற்கு வெயிலை மறிக்கும் சாய்வுப் பலகைகள் செய்தாள். ஈரமான மண்குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இறக்கும் கோபுரத்தைக் கண்டுபிடித்தாள். மூன்றையும் சேர்த்து, நான்கு கோபுரங்களோடு அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைக் கட்டினாள். வெளியே நாற்பத்தொரு டிகிரி அடித்த நாளில் உள்ளே முப்பதுதான். அங்கே தலைமை நர்ஸாக இருந்த அக்கா தினமும் அதை ஒரு நோட்டில் குறித்து வைத்தாள்.

மூன்றாம் வருடம் புதுப் பொறியாளர் வந்தார். வார்டைப் புதுப்பித்துத் திறப்பு விழா நடத்த ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று நான்கு கோபுரங்களையும் செங்கல் வைத்து அடைத்தார். பலகைகளைப் பிடுங்கிவிட்டு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்தார். உள்ளே ஏசி மாட்டினார். இதையெல்லாம் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோடையில் ஒருநாள் காலையில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். அக்கா போன் செய்தாள்.

"நீ கட்டுன வார்டுல பச்சப்புள்ளைங்க வேகுதுடி. மூணு புள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதிக்குது."

மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தாள். கேஸ் அட்டைகளால் தாய்மார்கள் குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். நேராகப் பொறியாளர் அறைக்குப் போனாள்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"பார்க்க செங்கல் சூளை மாதிரி இருந்துச்சு மேடம். இப்பதான் ஏசி இருக்கே."

"இப்ப ஓடுதா அது?"

"கரன்ட் வந்துடும். கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமையா? அந்தப் புள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லுங்க!"

மாடிக்கு ஏறினாள். சுற்றுச்சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார், அன்று கோபுரங்களைக் கட்டியவர்தான். அவர் தலைகுனிந்தார்.

"நான்தாம்மா அடைச்சேன். சொன்னாங்க, செஞ்சேன்."

"சம்மட்டியைக் குடுங்க."

இரண்டு கோபுரங்களை உடைத்து முடித்தபோது அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது. காய்ந்து கிடந்த குழாய்களில் கொத்தனார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கீழே வார்டில் திரைச்சீலைகள் அசையத் தொடங்கின. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு.

சுகாதாரத் துறை விசாரணையில் அக்கா தன் நோட்டை அதிகாரியின் மேஜைமேல் வைத்து, "படிச்சுப் பாருங்க சார்" என்றாள். அடைப்பதற்கு முந்தைய கோடையும் பிந்தைய கோடையும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. அவர் படித்தார். மற்ற இரண்டு கோபுரங்களையும் திறக்க உத்தரவிட்டார். ஆனால் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் வழக்கை முடிக்க முடியும் என்றார்.

அவள் ஒரே வரி எழுதினாள்: 'அடைத்த அன்றே வந்து உடைக்காததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.'

வழக்கு நான்கு வருடம் இழுத்தது. கடைசியில் தள்ளுபடியானாலும், அரசு வேலை எதுவும் பிறகு அவளுக்கு வரவில்லை. பொறியாளருக்குப் பதவி உயர்வு வந்தது. கண்ணாடியில் அந்தப் பெரிய மனிதரின் பெயர் பொறித்திருந்ததால் அதை மட்டும் எடுக்க மறுத்துவிட்டார்கள். மதியமானால் அந்தப் பக்கத்துக் கட்டில்களை நர்ஸுகள் இன்றும் உள்ளே இழுத்துப் போடுகிறார்கள்.

அந்தக் கண்ணாடியை எடுக்கச் சொல்லி அவள் ஏழாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"போதும், விட்டுத்தொலைடி" என்கிறாள் அக்கா.

"எப்படிக்கா விடுறது? அங்க படுக்கிறது அவனுங்க புள்ளையா?"