மூடும் அடைப்புக்குறியில் நின்ற அம்பு

குமுதாவின் போனிலிருந்து அழைப்பு வந்ததும், "இன்னாடி, டிஸ்சார்ஜ் பண்ட்டாங்களா?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவளுடைய நைனா. "கொமுதா பூட்டாம்மா" என்றார். டெங்கு குறைந்துவிட்டது, நாளை சொந்த ஊர் நகரிக்கு அழைத்துப் போகலாம் என்றுதானே டாக்டர் சொல்லியிருந்தார்! ஐயோ, அந்தக் கேள்வியை அந்த மனுஷன் காதில் போட்டேனே.

திருப்பதியில் எங்கள் ஆபீசில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் போட்ட சண்டை மறந்திருக்காது. பால் குளிரூட்டும் மெஷின்களுக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். வரி வரியாக எழுதுவதைக் கம்பைலர் வெறும் எண்களாக மாற்றிவிடும். மெஷின் நின்றுபோனால் ஓர் எண்ணைத்தான் காட்டும். அது நாம் எழுதிய எந்த வரி என்பதை, அந்த முறை கம்பைல் செய்தபோது கூடவே உருவான மேப் ஃபைல்தான் சொல்லும். "வேற மேப் வச்சிப் பாத்தா, கூச்சமே இல்லாம பொய் சொல்லும்டி" என்பாள்.

மேனேஜருக்கு அந்த மேப் ஃபைல்கள் குப்பை, சண்டையே அதற்காகத்தான். "சர்வர்ல இடம் லேது, தூக்கிடும்மா" என்றார். "இடம் இல்லியாம், இடம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டாள்.

ஒருமுறை புத்தூர் மெஷின் நின்றது. டீ ஆறுவதற்குள் வரியைப் பிடித்துவிட்டாள். "நான் எழ்தனதுதான். எம் மேலயே கேஸ் போடு" என்று சிரித்தாள்.

கருமாதிகூட முடியவில்லை, அந்த லேப்டாப்பைத் துடைத்துப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே புத்தூர் மெஷின் மறுபடி நின்றது. பால் கெட்டுப்போனது. "சாயந்தரத்துக்குள்ள லைன் கண்டுபிடி. இல்லன்னா அந்தம்மா எழுதினது மொத்தமும் தூக்கிட்டு புதுசா எழுதலாம்" என்றார் மேனேஜர்.

அவள் எழுதியதை என் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தேன். என்னுடைய கம்பைலர் புதுசு, அதனால் புது மேப்பில் எண்களெல்லாம் இடம் மாறிப்போயிருந்தன. தெரிந்தும் மெஷின் காட்டிய எண்ணைக் கொடுத்தேன். திரையில் அம்பு ஒரு வரியில் போய் நின்றது. அந்த வரியில் ஒரு மூடும் அடைப்புக்குறியைத் தவிர ஒன்றுமில்லை. அதில் என்ன தப்பு இருக்க முடியும்? பொய் என்று தெரிந்தும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயந்தரமும் ஆகிவிட்டது.

மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள். இன்று எந்த மெஷினிலும் குமுதா எழுதியது ஓடவில்லை.

என்னிடம் இருப்பது, புத்தூர் மெஷின் காட்டிய அந்த எண் மட்டும்தான். அது அவள் எழுதிய ஏதோ ஒரு வரி. எது என்று கேட்க அவள் நம்பரைத் தேடி எடுக்கிறேன், அப்புறம்தான் நினைவு வருகிறது.