பச்சைக்கு அடியில் ஆரஞ்சு

பட்டியக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, கார் ஒர்க்‌ஷாப்பில் வைத்தது. நசுங்கிய கதவை அடித்து நிமிர்த்திய பிறகும் மிச்சமிருக்கும் பள்ளத்தில் பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவினாலும் தெரியாதபடி செய்கிற வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "இந்தம்மா பட்டி வெச்சா, இடிச்சவனே வந்து தேடினாலும் இடிச்ச இடம் கிடைக்காது" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். சம்பளத்தை உயர்த்தச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

நிறம் கலப்பதும் அவள்தான். கடை அட்டையில் இல்லாத நிறமாக இருந்தாலும் நான்கு டப்பாவைத் திறந்து, கரண்டியால் அள்ளி, கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்தக் கை அவளுக்கு வாய்த்திருந்தது. எந்த நிறத்தையும் ஒரு தடவை கலந்துவிட்டால் அவளுக்கு அது மறக்காது. மறதி என்ற வரம் அவளுக்கு வேறு விஷயங்களிலும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஒரு அலுமினியப் படகு கவிழ்ந்து கிடந்தது. அவள் புருஷனுடையது. ஏரியில் விடிவதற்குள் வலை போட்டு, வெயில் ஏறுவதற்குள் மீனைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிற மனிதர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். ஒரு பனிக்காலத்துக் காலையில் போனவர் திரும்பவில்லை. படகை அவளுடைய அண்ணன்தான் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தான். ஏரியில் அக்கரைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் விசைப்படகு அண்ணனுடையது. மறுநாள் உடல் ஒதுங்கியது. தலையில் இருந்த காயத்துக்குப் பாறை என்று எழுதிக்கொண்டு போனார்கள். படகை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாறை என்று எழுதியது காகிதத்தில். தெருவில் பேசியது வேறு. "அவ்வளவு நல்லா நீந்தத் தெரிஞ்சவன் தண்ணியில சாகறான்னா, அவனா மனசு வெச்சாத்தான்" என்றார்கள். அதை அவள் காதுபடவே சொன்னார்கள். ஊர் வாயை மூட யாரால் முடியும்?

அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. அன்று காலையில் சண்டை இல்லை, கடன் தொல்லை இல்லை, நோய் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயந்திரம் குடையை ரிப்பேருக்குக் குடுக்கணும், ஞாபகப்படுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். சாகப் போகிறவன் குடையைப் பற்றிக் கவலைப்படுவானா? அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதல் வருஷத்தைத் தள்ளினாள். பிறகு அதுவும் கைவிட்டது. அவர் நடித்திருந்தால்? தான் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்று அவர் முகத்தில் இருந்திருந்தால்? எட்டு வருஷமாக அந்த ஒரு காலையைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கார் கதவில் விரல் வைத்துப் பள்ளம் தேடுகிற மாதிரி.

வெயில் தாழும் நேரத்தில் படகு சத்தம் போடும். டிக், டிக். சூடான தகடு ஆறும்போது அப்படித்தான் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தகடோடு குடித்தனம் நடத்துகிறவள். இருந்தும் அந்தச் சத்தம் கேட்டதும், அவர் உட்கார்ந்து விரலால் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்து பார்ப்பாள். படகும் ஈரத் துணிகளும்தான் இருக்கும். பேயாக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஏன் போனீங்க என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பாள். வராமலே பயமுறுத்துகிறவரை என்ன செய்வது?

மகளின் கதை வேறு. அப்பா போனபோது அவள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். "நம்மள வேண்டாம்னு போனவரோட போட்டோ எதுக்கு?" என்றாள். அப்புறம் அவள் வாயில் அப்பா என்ற சொல்லே வரவில்லை. மாமா, மாமா என்று அண்ணனைச் சுற்றித்தான் வளர்ந்தாள். படிப்புச் செலவு அவனுடையது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது அவன். பட்டியக்காவுக்குச் சாமி மாதிரி ஒரு அண்ணன் என்று தெருவே சொன்னது. தெரு சொன்னதிலேயே அதை மட்டும்தான் அவள் முழுசாக நம்பினாள்.

படகுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததும் அண்ணன்தான், காரியம் முடிந்த வாரமே, வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவதற்கு முன்பே. "அதைப் பாத்து நீ அழக்கூடாது. ஆளே மாறின மாதிரி பண்ணிட்டேன்" என்றான். கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல். அடிப்பூச்சாகப் பிரைமர் கிடையாது, பிரஷ் ஓடிய கோடெல்லாம் வரப்பு மாதிரி நின்றது. அவ்வளவு துக்கத்திலும் அவளுக்கு அந்த வேலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அண்ணன் பாசத்துக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. அதே சமயம் தன் விசைப்படகையும் அவன் நீலமாக்கிவிட்டான். அது முன்பு ஆரஞ்சு. பனியில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அவன் கேட்டதால், மூன்று கார்களுக்கு அடித்து மிஞ்சிய டப்பாக்களைக் கொட்டி அவளே கலந்து கொடுத்த நிறம். "அந்தக் கலர் ராசியில்ல" என்று சொல்லிவிட்டான்.

இப்போது மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏரித் தண்ணீரை அங்கங்கே எடுத்துப் பரிசோதிக்கிற வேலை.

"சும்மாதானே கிடக்கு, அந்தப் படகைச் சரி பண்ணிக் குடும்மா" என்றாள்.

அப்பாவுடைய படகு என்று சொல்லவில்லை. அந்தப் படகு. அதுவே பெரிது என்று பட்டியக்காவுக்கு இருந்தது.

அண்ணனுக்குத்தான் முகம் சுருங்கியது. "அதுல உயிரே இல்ல. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு. நான் புதுசு வாங்கித் தரேன்."

"அலுமினியத்துக்கு என்ன கேடு? மேல அடிச்ச பெயிண்ட்டுதான் சொரி புடிச்சிருக்கு."

"சொன்னா கேளு."

"என் தொழில்ல நீ தலையிடாதண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

லீவு நாளில் ஆரம்பித்தாள். படகை இரண்டு பெஞ்சின் மேல் கவிழ்த்து, பெயிண்ட் ரிமூவரைத் தடவினாள். சாதாரண ரிமூவர் அலுமினியத்தைத் தின்றுவிடும், அதற்கென்று தனியாக வாங்கியிருந்தாள். இரும்புப் பிரஷ்ஷையும் தொடவில்லை. பச்சை கொப்புளித்து எழும்பும் வரை காத்திருந்து, மரச் சட்டத்தால் வழித்தாள். பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அடியில் தகடு பளிச்சென்று தெரியத் தெரிய அவளுக்கு வேலையில் ருசி தட்டிவிட்டது. மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது. தேய்த்துச் சுத்தம் செய்த அலுமினியத்தை அன்றைக்கே பிரைமருக்குள் மூடிவிட வேண்டும், காற்றுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படர்ந்துவிடும், அதற்கு மேல் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது. அதனால் பிரைமரைக் கலந்து தயாராக வைத்துக்கொண்டுதான் மறுபக்கம் போனாள்.

முன்மூக்கிலிருந்து ஒரு கை தள்ளி, பச்சையோடு சேர்ந்து ஏதோ கனமாகப் பெயர்ந்தது. தட்டு அளவுக்கு ஒரு பட்டி வில்லை. முழுசாக, பிஸ்கட் மாதிரி, கையோடு வந்துவிட்டது. கார் பட்டி. தகட்டைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் வழவழப்பின் மேல் அப்பியிருந்தார்கள். மரம் தெரிந்த, இரும்பு தெரிந்த, அலுமினியம் தெரியாத ஒரு கை செய்த வேலை.

பட்டி இருந்த இடத்தில் பள்ளம். உள்ளிருந்து சுத்தியலால் அடித்து நிமிர்த்தப் பார்த்த தடம். பள்ளத்தின் நடுவில் தகடு மடிந்த கோட்டுக்குள், நகத்தளவு ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆரஞ்சு.

உலகத்தில் அந்த ஆரஞ்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. குனிந்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். கண் பொய் சொன்னாலும் சொல்லும் என்று, மறுபடி மறுபடி பார்த்தாள். எட்டு வருஷமாக அவர் முகத்தில் தேடிய பள்ளம் வீட்டுக்குப் பின்னால் துணிக் கம்பிக்குக் கீழே கிடந்திருக்கிறது. முதலில் வந்தது கோபம் அல்ல, ஒரு சந்தோஷம். அவர் போகவில்லை. அவர் நம்மை விட்டுப் போகவே இல்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் புரிந்தது.

அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். "கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றாள், அவ்வளவுதான்.

அவன் வந்து பள்ளத்தைப் பார்த்தான். பொய் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினான். பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பனி. ஆளேத்த வெறும் படகோட வந்துட்டிருந்தேன், கண்ணே தெரியல. சத்தம் கேட்டப்பதான் தெரிஞ்சுது. குதிச்சுத் தேடினேன். சாமி சத்தியமா குதிச்சேன். கைக்குக் கிடைக்கல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"உள்ள போட்டுடுவாங்கன்னு பயம். அப்புறம், உன் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு. நாளாக நாளாக வாயே வரல."

"என் மூஞ்சியிலதான் தினமும் முழிச்சியே" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "நீ இடிச்சதைக்கூட மன்னிச்சிருப்பேன். கண்ணு தெரியல, சரி. ஏன் செத்தாரு, ஏன் செத்தாருன்னு நான் பைத்தியமா அலைஞ்சப்ப, பக்கத்துல உக்காந்து சோறு தின்னியே அண்ணா. எம் பொண்ணு போட்டோவைக் கழட்டினப்ப நீதானே ஆணியைப் புடுங்கிக் குடுத்த."

அவன் கலந்து வைத்த பிரைமரையும் பிரஷ்ஷையும் பார்த்தான். "நேரமாவுது. அடிச்சுடட்டுமா?" என்றான்.

"தொடாத" என்றாள். "அவ வரட்டும். நீயே சொல்லு."

வெயில் தாழ்ந்தது. தேய்த்து வைத்த பக்கமெல்லாம் காற்றில் அந்தத் தோல் படர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் உழைப்பு பாழ், எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும். பட்டியக்கா தன் வாழ்நாளில் ஒரு வேலையை அப்படிப் பாழாகவிட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் படகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் வந்தாள். "என்னம்மா, இன்னும் பிரைமர் அடிக்கலையா?" என்று கேட்டவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

மாமா சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, தன் விசைப்படகு, பனி, சத்தம், பச்சைப் பெயிண்ட், ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மகள் அழவில்லை, திட்டவில்லை. படகின் முன்மூக்கையும் பள்ளத்தையும் பார்த்தபடியே நின்றாள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பட்டியக்கா அவள் முகத்தையே பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்ட அம்மாவுக்கே கேட்கத் தோன்றாத ஒன்றை மகள் கேட்டாள்.

"அப்பா அப்ப எந்தப் பக்கம் போயிட்டிருந்தாரு மாமா?"

"எங்கயும் போகலம்மா" என்றான் அவன். "வலையெல்லாம் சுருட்டி உள்ள போட்டிருந்துச்சு. கரையைப் பாத்துத்தான் வந்துட்டிருந்தாரு. வீட்டுக்கு."